களத்தின் நடுவே ஒரு குடம் தண்ணீர்

டங், டங் என்று உள்ளறையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கட்டில் காலில் மோதும் ஓசை கேட்டது.

“இன்னா சத்தம் அது?” நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த நடராசன் திடுக்கிட்டுக் கேட்டார்.

அம்சவள்ளி பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மூலையில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். “மெதுவா, அக்கா. ஒரே முட்டா முழுங்காத. மெதுவா” என்று அவள் குரல் கேட்டது. பிறகு நீண்ட இருமல். அதன்பின் கைக்குழந்தை சிணுங்குவது போல ஓர் ஒலி. அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது என்பது நடராசனுக்குத் தெரியும். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்த அம்சவள்ளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு தட்டு தட்டுனா தண்ணி வேணும்னு அர்த்தம், மேஸ்திரி. மூணு தட்டுனா வெளியில போவணும். வாய் இருந்த பொம்பளதான். உங்க களத்துலதான் அந்த வாயைப் போட்டுட்டு வந்துட்டா.”

நடராசனின் காலடியில் ஆலை முத்திரை போட்ட ஓர் அரிசி மூட்டையும், இரண்டு இளநீரும் இருந்தன. வெறும் கையோடு வர அவருக்கு முகம் இல்லை.

திண்டிவனத்துக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கும் ஓர் அரிசி ஆலைக்கு அவர் மேஸ்திரி. அந்த ஆலையின் சிமெண்டுக் களத்தில்தான் அம்சவள்ளியும், உள்ளறையில் படுத்திருக்கும் வெள்ளையம்மாளும் பதினெட்டு வருடம் நெல் காயவைத்தார்கள். இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி வெள்ளையம்மாள், தம்பி பெண்டாட்டி அம்சவள்ளி. ஓரகத்திகள் என்றால் அடுப்பைப் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்திக்கொள்வார்கள் என்றுதானே ஊர் எதிர்பார்க்கும்? இவர்களும் அடுப்பைப் பிரித்தார்கள். பேச்சை நிறுத்தத்தான் இவர்களுக்குத் தெரியவில்லை.

அம்சவள்ளி முகையூர்ப் பக்கத்துப் பெண். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, பிறர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் சின்னதுரைக்குக் கழுத்தை நீட்டினாள். சின்னதுரை வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் பஸ் ஏறினால் விளக்கு வைத்தபிறகுதான் வீடு. நல்ல மனிதர். ஆனால் வீட்டில் நடப்பது அவருக்கு மறுநாள் செய்தியாகத்தான் தெரியும். வெள்ளையம்மாளின் புருஷன் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள் ரோஜாவைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆக, பகலெல்லாம் அம்சவள்ளிக்கு வெள்ளையம்மாள், வெள்ளையம்மாளுக்கு அம்சவள்ளி.

களத்து வேலை எப்படி இருக்கும் என்று சோறு தின்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவித்த நெல்லைச் சூட்டோடு கொண்டுவந்து களத்தில் கொட்டுவார்கள். பெண்கள் அதைப் பரப்பி, பிறகு அதன்மேல் வெறுங்காலால் நடக்கவேண்டும். பாதத்தை எடுக்காமல், தேய்த்துத் தேய்த்து, ஏர் ஓட்டுவது போல நீளமாகச் சால் போட்டுக்கொண்டே போகவேண்டும். திரும்பி வரும்போது பக்கத்தில் இன்னொரு சால். அடியில் இருக்கும் நெல் மேலே வரும், மேலே இருப்பது அடியில் போகும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நெல் காயும்வரை இதே நடைதான். கீழே சிமெண்டு கொதிக்கும், மேலே சூரியன் எரியும். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. உமி தூசு உடம்பில் படாமல் இருக்க அது வேண்டும். காற்றும் அதற்குள் போகாது.

தண்ணீர்? அங்கேதான் வயிறு எரிகிறது. களத்தில் ஈரக்காலோடு இறங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். காயும் நெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அரிசியில் கறை விழும் என்று, தண்ணீர்க் குடத்தைக் களத்து ஓரத்தில்கூட வைக்க விடமாட்டார்கள். குடிக்கவேண்டுமானால் ஆலையின் வாசல் கேட் வரை நடந்து, காவலாளி அறைக்குப் போகவேண்டும். முகத்தில் அடித்துக்கொண்டால் முற்றிலும் காய்ந்த பிறகே களத்தில் இறங்கலாம். கழிப்பறை கொதிகலனுக்குப் பின்னால் இருந்தது. மூட்டை தூக்கும் ஆண்கள் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகவேண்டும். கதவின் கீழ்ப்பாதி எப்போதோ உளுத்துப் போயிருந்தது. ஆகவே பன்னிரண்டு பெண்களும் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, நீர்க்கடுப்பில் துடிப்பார்கள். அதையும் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முன்பு ஒரு விஷயம் மட்டும் நன்றாக இருந்தது. உச்சி வெயிலில் நெல்லைக் குவித்துச் சாக்குப்போட்டு மூடிவிடுவார்கள். மூன்று மணிக்கு மறுபடி பரப்புவார்கள். இது பெண்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்ததல்ல. நெல் ஒரே மூச்சில் காய்ந்தால் அரைக்கும்போது உடைந்து நொய்யாகிவிடும், அதனால்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரம் பெண்களுக்குப் புளியமர நிழல் கிடைத்தது. இப்போது நிர்வாகம் பார்க்கும் முதலாளி அரங்கநாதன் வந்தபிறகு, ஒரு நாளில் இரண்டு தடவை அவித்த நெல் காயவேண்டும் என்றார். குவிப்பது நின்றது. புளியமரத்தடியில் லாரி நின்றது.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் அது நடந்தது.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். வெள்ளையம்மாள் போடும் சால் கயிறு பிடித்துப் போட்டதுபோல இருக்கும். பதினெட்டு வருடத்தில் அது கோணியதே இல்லை. அன்றைக்குக் கோணியது. பாம்பு போன தடம்போல வளைந்து, பக்கத்துப் பெண்ணின் சாலில் போய் மோதியது.

“இன்னா வெள்ளையக்கா, காலங்காத்தாலயே கள்ளு எறங்கிடுச்சா?” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள்.

வெள்ளையம்மாள் அம்சவள்ளியைப் பார்த்து, “ரோஜா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியாடி?” என்று கேட்டாள். வீட்டில் மாடு கிடையாது. ரோஜா வானூரில் இருக்கிறாள். அதற்கும் சிரித்தார்கள்! அக்காவுக்கு இன்றைக்கு நக்கல் அதிகம் என்று நினைத்தார்கள். இரண்டு அடி நடந்த வெள்ளையம்மாள், நெல்லின்மேல் முகம் குப்புற விழுந்தாள்.

ஓடிப்போய்த் தொட்ட அம்சவள்ளி கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பில் இருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. காவலாளி அறைக்கு ஓடினாள். அங்கே இருந்த குடத்தை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். களத்து விளிம்பில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏய், நெல்லு மேல ஊத்திடாத! அறுவது மூட்டை! அவள மொதல்ல வெளிய தூக்கு!”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்க்கிறார்.

அம்சவள்ளி நின்றுவிட்டாள். பதினெட்டு வருடம் கேட்ட குரல். கால் தானாக நின்றுவிட்டது. நான்கு பேர் சேர்ந்து வெள்ளையம்மாளைத் தூக்கி, லாரிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. “வலிப்பு” என்றார் ஒருவர். கிடங்குச் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ சோடா வாங்கி வந்து, நினைவில்லாதவள் வாயில் ஊற்றினார்கள். அது மூக்கு வழியாக வந்தது. ஆண்கள் சுற்றி நின்றதால், சட்டைப் பித்தானைக் கழற்ற ஒரு பெண்ணுக்கும் கை வரவில்லை. மானம்! வெந்துகொண்டிருந்த உடம்புக்கு மேல் சேலை, சட்டை, துண்டு எல்லாவற்றையும் போர்த்தி, அவர்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் போலீஸ் கேஸாகுமோ என்று மேஸ்திரி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம்.

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்த்தபோது நூற்று ஏழு. கலைப்பிரியா என்ற நர்ஸ் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, சட்டையையும் ரவிக்கையையும் சர்ரென்று வெட்டி எறிந்தாள். ஈரத் துணியைப் போர்த்தினாள், மின்விசிறியைத் திருப்பினாள், அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் கட்டியை வைத்தாள். ஒரு மணி நேரம் போராடி, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள். ஆம்புலன்சு கதவு மூடும்போது அந்த நர்ஸ் கேட்டாள்:

“விழுந்த எடத்துல தண்ணியே இல்லையாக்கா? ஒரு குடம் அப்பவே தலையோட ஊத்தி, துணியத் தளத்தி, முறத்தால விசிறிக்கினே 108-க்குப் போன் பண்ணியிருந்தா மூளைக்கு ஏறியிருக்காதே. இப்படிக் கொதிக்க விட்டுக் கொண்டாந்திருக்கீங்களே!”

தண்ணீர் இருந்தது. இடுப்பிலேயே இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் அம்சவள்ளி எப்படிச் சொல்வாள்?

பத்தொன்பது நாள் கழித்து வெள்ளையம்மாள் வீட்டுக்கு வந்தாள். உயிர் இருந்தது. நாக்கு குழறியது, நடை போய்விட்டது, டம்ளரைப் பிடித்தால் கை ஆடியது. மறுபடி நடப்பாளா என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலமே அம்சவள்ளி ஆலைக்குப் போனாள். அழுவதற்கல்ல. “உச்சி வெயில்ல நெல்லக் குவிக்கணும். களத்து நடுவுல தண்ணி வெக்கணும். கக்கூசுக்குக் கதவு போடணும்” என்று மூன்றைக் கேட்டாள். முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் பன்னிரண்டு பேரில் மிச்சமிருந்த பதினோரு பேரும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுநாள். ஏழாவது வரை படித்த அம்சவள்ளி, தன் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக்கு அதிகாரி வருகிறார்.

அதனால்தான் நடராசனுக்கு இன்றைக்கு இந்த வீட்டின் வழி தெரிந்தது. வெள்ளையம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் தெரியாத வழி!

“தொட்டியில ஊறுன நெல்லு நாறுது, அம்சா” என்று அவர் இப்போது மெதுவாக ஆரம்பித்தார். “பேஜாரு புடிச்ச பொழப்பு என்னுது. அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் நீங்க. ஒரு சந்தோஷமான சேதி கொண்டாந்திருக்கேன். நீ கேட்ட மூணுக்கும் முதலாளி ஒத்துக்கினாரு.”

அம்சவள்ளி நிமிர்ந்தாள். “நெசமாவா?”

“நெசமாத்தான். பன்னெண்டு மணிக்கு நெல்லக் குவிச்சிடலாம். மூணு வரைக்கும் நெழல்ல இருங்க. லாரிய வேற எடத்துல நிறுத்தச் சொல்லிட்டாரு. கக்கூசுக்குப் புதுக் கதவு. தண்ணிக்குப் பெரிய டிரம்மு.”

அவளுக்குக் கண் நிறைந்தது. இதற்காகத்தானே நான்கு நாள் உலை வைக்காமல் அந்தப் பெண்கள் கேப்பைக் கூழில் காலம் தள்ளுகிறார்கள்?

“நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு” என்று நடராசன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “வெள்ளையம்மாளுக்கு முன்னயே வலிப்பு உண்டுன்னு. அவ்ளோதான். நீ அவங்க வூட்டு ஆளு, நீ சொன்னா எடுபடும். அவளுக்கு இனிமே அதனால ஒண்ணும் கொறையப் போறதில்ல. மத்த பத்துப் பேரு நிம்மதியா இருப்பாங்க. ரோசன பண்ணு.”

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அம்சவள்ளி யோசித்தாள். யோசிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய். ஒரு பொய்யைச் சொன்னால் பத்துப் பெண்களுக்கு நாளைக்கே நிழல். உண்மையைச் சொன்னால்? விசாரணை நடக்கும், ஆறு மாதம் இழுக்கும், ஆலைக்காரர் வேறு ஊரிலிருந்து ஆள் இறக்குவார். உள்ளே கிடப்பவளுக்கு எந்தப் பக்கம் போனாலும் நாக்கு திரும்பப் போவதில்லை. அவள் உதடு “சரி” என்பதற்கு மிக அருகில் வந்தது.

“டிரம்ம எங்க வெப்பீங்க?” என்று கேட்டாள்.

“கேட்டாண்ட. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல, நெழலா.”

“நான் களத்து நடுவுலன்னு இல்ல கேட்டேன்?”

“அது எப்படிம்மா முடியும்?” என்று நடராசன் வெள்ளையாகச் சிரித்தார். “நெல்லு நனைஞ்சிடாதா?”

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் உடைந்தது. அம்சவள்ளி எழுந்து நின்றாள். இத்தனை வருடமாக அவரை அவள் ‘ங்க’ போடாமல் பேசியதில்லை.

“இன்னா கேட்ட? நெல்லு நனைஞ்சிடாதாவா? நனைஞ்சா மறுபடியும் காயும்யா! ஒரு வெயில்ல காயும். அவ காய்ஞ்சிட்டாளே, அவள எதுல நனைச்சி எடுக்கிறது? சொல்லு!”

“கத்தாத அம்சா, அக்கம்பக்கம்…”

“கேக்கட்டும். அன்னிக்கி உன் கொரலக் கேட்டு நின்னேன் பாரு, குடத்த இடுப்புல வெச்சிக்கினு மரம் மாதிரி நின்னேன் பாரு, அது என் தப்பு. தெனம் ராத்திரி அவளுக்குச் சோறு ஊட்டும்போது அது என் தொண்டையில நிக்குது. இன்னொரு தப்பு பண்ணச் சொல்றியே. இன்னிக்கி வெள்ளையக்காவுக்கு வலிப்புன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்குக் களத்துல எவ விழுந்தாலும் வலிப்புதான். சாவியத்தான் திணிப்பீங்க. தண்ணிய ஊத்த மாட்டீங்க. அப்புறம் உன் டிரம்மு எதுக்கு? பொட்டு வெச்சிக் கும்புடவா?”

நடராசனின் முகம் வெளிறியது. “அறுவது மூட்டை நனைஞ்சிருந்தா என் வேலை போயிருக்கும். என் நெலமையும் பாரு.”

“பாத்துக்கினுதான் இருக்கேன். உன் வேலை இருக்குது.”

அப்போது உள்ளே டம்ளர் ஒலித்தது. இரண்டு இல்லை, மூன்றும் இல்லை. டங் டங் டங் டங் என்று வெறிபிடித்தாற்போல். பிறகு அது கையைவிட்டு எகிறி, சிமெண்டுத் தரையில் உருண்டு, திரைச்சீலைக்கு அடியில் புகுந்து, நடராசனின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது.

“எடுத்துக்கினு போய் அவ கையில குடு” என்றாள் அம்சவள்ளி.

அவர் தயங்கினார்.

“போய்யா. அவளும் உன்கிட்ட பதினெட்டு வருஷம் வேலை செஞ்சவதான்.”

நடராசன் டம்ளரை எடுத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கினார். வெள்ளையம்மாள் மல்லாந்து கிடந்தாள். கண்கள் அவரையே பார்த்தன. அவர் பார்வை அவள் முகத்தில் நிற்கமுடியாமல் கீழே இறங்கியது. அங்கே அவள் பாதங்கள்! மெத்தை விரிப்பின்மேல் அவை முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டிருந்தன. விரிப்பு சுருங்கி, பாதத்துக்கு அடியில் இரண்டு கோணல் சால்கள் விழுந்திருந்தன. காய்ந்த உதடுகள் பாடுபட்டுப் பிரிந்தன.

“த…ண்…ணி” என்றாள். பிறகு, அவரைப் பார்த்தபடியே, “ஊ…த்து.”

அவள் குடிக்கக் கேட்டாளா, அந்த நாளைக் கேட்டாளா என்று அவர் நின்று விசாரிக்கவில்லை. டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். வெளியே வரும்போது அவர் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. வியர்க்கிற பாக்கியம் அவருக்கு இருந்தது.

வாசல்வரை போய், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே அடங்கிய குரலில் கேட்டார். “நாளைக்கு இன்னா சொல்லப்போற?”

“பாத்தத சொல்லப்போறேன். சால் கோணுனதையும், நாங்க சிரிச்சதையும், குடம் என் இடுப்புல இருந்ததையும் சொல்லுவேன்.”

“என் பேரு?”

“உன் பேரு இல்லாம அந்தக் கதைய எப்படிச் சொல்றது? உன் வாயில அந்தச் சத்தத்த வெச்சவரு பேரையும் சேத்துத்தான் சொல்லுவேன். பத்துப் பேரும் வர்றாங்க. ஆளுக்கொரு குடம் தண்ணியோட வர்றோம். களத்து நடுவுல வெப்போம். அதுக்கப்புறம் எங்கள உள்ள விடுறதும் விடாததும் ஆபீசர் எதுருல நடக்கட்டும்.”

அவர் அரிசி மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

“அத எடுத்துக்கினு போ. இளநி இருக்கட்டும், அவளுக்கு ஆவும்.”

நடராசன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பகல் இரண்டு மணி வெயிலில் தெருவே வெள்ளையாக எரிந்தது. நான்கு அடி போனதும் நின்று, ஏதோ சொல்லத் திரும்பினார்.

“ஜல்தியா போ, மேஸ்திரி. மண்டைய மூடிக்கினு போ” என்றாள் அம்சவள்ளி. “அனல் உள்ள வருது.”

அவள் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.